கவனிச்சதை யாருகிட்ட சொல்றது?

"வயசானவங்களப் பாத்துக்க எதுக்குப்பா ட்ரெய்னிங், மனசுல பாசம் இருந்தா கை தானா வேலை செய்யும்." எங்க சித்தப்பா ஒரு வீட்டு விசேஷத்துல சொன்னது இது. அவர் சும்மா பேச்சுவாக்குல சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார், எனக்குத்தான் அது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. தப்புன்னு உடனே சொல்லத் தோணுச்சு, ஆனா எங்க தப்புன்னு யாராவது கேட்டிருந்தா அன்னிக்கு என்கிட்ட ஒழுங்கான பதில் இருந்திருக்காது. ஏன்னா எதிர்ப்பக்கம் நிக்கறவங்க பேசறதும் எனக்கு முழுசா ஒட்டல. அவங்க என்னடான்னா சர்டிபிகேட், இத்தனை மணி நேர கோர்ஸ், ஸ்கில் லெவல்னு அடுக்கறாங்க. சர்டிபிகேட்டோட வந்து மொபைலப் பாத்துக்கிட்டே ஊட்டிவிட்ட ஆளையும் பாத்திருக்கேன், எந்தக் கோர்ஸும் படிக்காம பூ மாதிரி பாத்துக்கிட்ட ஆளையும் பாத்திருக்கேன். அப்போ இதுல திறமைன்னா எது, அதை எப்படிச் சொல்லிக்குடுக்கறது? இதைப் பத்திதான் எழுதப்போறேன். கொஞ்சம் சுத்தி சுத்திதான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பாசக் கட்சி. பாசத்தை நான் குறைச்சு சொல்லல. ஆனா படுத்தபடுக்கையா இருக்கற ஒருத்தர் கட்டில்ல கீழ சரிஞ்சு வந்துட்டார்னு வைங்க, பாசமான பையன் என்ன செய்வான்? பின்னாடி போய் ரெண்டு அக்குள்லயும் கையக் குடுத்து மேல இழுப்பான். இழுக்கறப்ப எலும்பு மேல போகுது, முதுகுத் தோலு பெட்ஷீட்ல ஒட்டிக்கிட்டு அங்கயே நிக்குது, நடுவுல இருக்கற மெல்லிசான ரத்தக்குழாயெல்லாம் முறுக்கிக்குது. தினம் நாலு தடவை இப்படிப் பாசமா இழுத்தா இடுப்புக்குக் கீழ முதல்ல செவக்கும், அப்புறம் புண்ணாயிடும். இதுல பையனோட இடுப்பும் சேந்து போகும். அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பைப் பத்தி ஆராயற நியோஷ்ங்கற நிறுவனம் இதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கு, நோயாளியத் தூக்கறப்ப ஒரு ஆளோட கையில விழற எடை கிட்டத்தட்ட 16 கிலோவத் தாண்டக்கூடாதுன்னு. எந்தப் பெரியவர் 16 கிலோ இருக்கார்? அதனாலதான் படுத்திருக்கறவருக்கு அடியில விரிச்சு அப்படியே நகத்தற ட்ரா ஷீட், ஸ்லைட் ஷீட், ரெண்டு ஆள், கட்டில் உயரத்தை ஏத்தி வச்சுக்கறதுன்னு இவ்ளோ ஏற்பாடு. தெரிஞ்சவங்க கை வச்சா சத்தமே இல்லாம நடந்துடும், தெரியாதவங்க கை வச்சா அந்த ரூம்ல இருக்கற எல்லாருக்கும் வலிக்கும்.

குதிகால் இன்னொண்ணு. மல்லாந்து படுத்திருக்கறவங்களுக்கு குதிகால் கட்டில்ல அழுந்திக்கிட்டே இருக்கும், அங்க சதையே கிடையாது, எலும்பும் தோலும்தான். குதிகாலுக்குக் கீழ தலகாணி வைக்கறது எல்லாரும் செய்யறது, அழுத்தம் அப்படியேதான் இருக்கும். கெண்டைக்கால் பூராவுக்கும் தலகாணி வச்சு குதிகால அந்தரத்துல விடணும். ஒரே தலகாணிதான், ஒரு ஜாண் மேல தள்ளி வைக்கணும், அவ்ளோதான் வித்தியாசம். ஊட்டறதும் அப்படித்தான். பாதி படுத்த நிலையில அண்ணாந்த வாய்ல ஊத்தறது அன்பா தெரியும், ஆனா விழுங்கறதுல சிக்கல் இருக்கறவங்களுக்கு அது நேரா நுரையீரலுக்குப் போற வழி. உக்கார வச்சு, தாடை கொஞ்சம் கீழ பாக்கற மாதிரி, ஒரு வாய் முழுங்கியாச்சான்னு தொண்டையப் பாத்துட்டு அடுத்த வாய். குடிக்கறது சாப்பிடறது எவ்ளோ கெட்டியா இருக்கணும்னு 0-லருந்து 7 வரைக்கும் படி போட்டு ஐடிடிஎஸ்ஐன்னு (IDDSI) ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கு. இதெல்லாம் பாசத்துல தானா வராது சித்தப்பா, யாராவது பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தாதான் வரும்.

இந்த இடத்துலயே நிறுத்தியிருந்தா நானும் சர்டிபிகேட் கட்சியில சேந்திருப்பேன். ஆனா பெரியப்பா வீட்ல நடந்த ஒரு விஷயம் என்னைய அங்கருந்தும் கெளப்பி விட்டுடுச்சு.

சளி மாத்திரை

பெரியப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வராது, கூடவே மறதியும் ஆரம்பிச்சிருந்துச்சு. பகல்ல பாத்துக்க ஒரு ஏஜென்சி மூலமா ஒரு தம்பி வருவார். முப்பது வயசு இருக்கும், அதிகம் பேசமாட்டார், ஒரு நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வச்சு அதுல கிறுக்கிக்கிட்டே இருப்பார். எங்க அண்ணனுக்கு அந்த நோட்டப் பாத்தாலே சிரிப்பு வரும், என்ன தம்பி கவிதையான்னு கேப்பார்.

ஒரு நாள் பெரியப்பாவுக்கு மூக்கு ஒழுகுதுன்னு பாக்க வந்த சொந்தக்காரர் ஒருத்தர் வழக்கமா எல்லாரும் போடற சளி மாத்திரைய வாங்கிக் குடுத்துட்டுப் போனார். மறுநாளே ராத்திரி பெரியப்பா ஆளே மாறிட்டார். போர்வைய பிச்சுப் பிச்சு எடுக்கறார், செவுத்தப் பாத்து என்னைக்கோ செத்துப்போன தன்னோட அண்ணனைக் கூப்பிடறார், எந்திரிச்சு ஓடப் பாக்கறார். விடிய விடிய யாரும் தூங்கல. காலைல எல்லாரும் கூடி உக்காந்து ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க, டிமென்ஷியா அடுத்த ஸ்டேஜுக்குப் போயிடுச்சு, இனிமே இப்படித்தான், தூக்க மாத்திரை கேட்டு வாங்கிடலாம்னு. அந்தப் பேச்சுல பாசம் குறைவா இருந்துச்சுன்னு என்னால சொல்லவே முடியாது, அண்ணி அழுதுக்கிட்டே இருந்தாங்க.

தம்பி வழக்கமான நேரத்துக்கு வந்தார். யாருகிட்டயும் எதுவும் கேக்கல, நேரா போய் டயப்பரப் பாத்தார், காஞ்சு கெடந்துச்சு. வேட்டிய விலக்கி தொப்புளுக்குக் கீழ உள்ளங்கைய வச்சு லேசா அழுத்தினார், பெரியப்பா துள்ளினார். அப்புறம் மேசை மேல இருந்த மாத்திரை அட்டைய எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு வெளிய வந்து, "அண்ணே, இது டிமென்ஷியா இல்லண்ணே. நேத்து சாயங்காலம் நான் கெளம்பற வரைக்கும் அய்யா என்கிட்ட நல்லாதான் பேசினார், ஒரே ராத்திரியில மறதி இப்படி ஏறாது. மதியத்துலருந்து யூரின் கம்மியா இருந்துச்சு, ராத்திரி சுத்தமா போகல, அடிவயிறு இறுகிக் கெடக்கு. புதுசா குடுத்தது இந்த மாத்திரை ஒண்ணுதான். டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க, தூக்க மாத்திரை வேணாம்"னார்.

டாக்டர் போன்ல கேட்டது மூணே கேள்வி. எப்ப ஆரம்பிச்சுது, கடைசியா எப்ப யூரின் போச்சு, புதுசா என்ன மருந்து. மூணுக்கும் பதில் அந்த நோட்ல இருந்துச்சு, நேரத்தோட. அவர் உடனே கதீட்டர், அதான் யூரின வெளிய எடுக்கற குழாய், போட நர்ஸ அனுப்பினார், முக்கால் லிட்டருக்கு மேல வந்துச்சு. மாத்திரைய நிறுத்தினதும் ரெண்டு மூணு நாள்ல பெரியப்பா பழையபடி பேப்பர் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டார்.

அப்புறம்தான் படிச்சுப் பாத்தேன். அந்த சளி மாத்திரையில இருந்தது குளோர்பெனிரமைன், பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின், அதாவது அலர்ஜிக்கும் மூக்கொழுகலுக்கும் குடுக்கற வகை. வயசானவங்களுக்கு மூளையக் கொழப்பும், வாய உலர்த்தும், மலச்சிக்கல் பண்ணும், யூரின அடைக்கும். மார்க் பீர்ஸ்னு ஒரு டாக்டர் 1991-ல நர்ஸிங் ஹோம்ல இருக்கற முதியவங்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகள்னு ஒரு பட்டியல் போட்டார், இன்னிக்கு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பிச்சுக்கிட்டு வருது, அதுல இந்த வகை மருந்துங்க இருக்கு. திடீர்னு வர்ற இந்தக் கொழப்பத்துக்கு டெலிரியம்னு பேரு. டிமென்ஷியா மாசக்கணக்குல வருஷக்கணக்குல மெதுவா வர்றது, டெலிரியம் மணிக்கணக்குல நாள்கணக்குல வர்றது. ஷரோன் இனோயேன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1990-ல இதைக் கண்டுபிடிக்க ஒரு முறைய உண்டாக்கினாங்க, அதுல முதல் கேள்வியே இந்த மாற்றம் திடீர்னு வந்துச்சா, ஏறி இறங்குதாங்கறதுதான். சரி, இதுக்கு யாரு பதில் சொல்ல முடியும்? ஸ்கேன் சொல்லாது, பத்து நிமிஷம் பாத்துட்டுப் போற டாக்டரும் சொல்ல முடியாது. நேத்து பாத்தவருக்குத்தான் தெரியும்.

எங்க கத்துக்கிட்டீங்க தம்பி?

எனக்கு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்துச்சு, கேட்டேன். கோர்ஸ்லயான்னு கேட்டதுக்கு சிரிச்சார். கோர்ஸ்ல பொம்மைய வச்சு குளிப்பாட்டச் சொல்லிக்குடுத்தாங்களாம், பிபி பாக்கறது, சுகர் பாக்கறது, கை கழுவற முறை, அப்புறம் ஒரு பரிட்சை. அதுவும் வேணும்தான்னு அவரே சொன்னார். ஆனா இதைக் கத்துக்கிட்டது அதுக்கு முன்னாடி வேலை பாத்த ஒரு முதியோர் இல்லத்துல. அங்க ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தாங்களாம், ஷிப்ட் முடிஞ்சு போறப்ப வாசல்ல நிறுத்திவச்சு, நீ பாத்த ஒவ்வொருத்தர்கிட்டயும் நேத்தைய விட இன்னிக்கு என்ன மாறியிருக்குன்னு கேப்பாங்களாம். ஒண்ணும் மாறல சிஸ்டர்னு சொன்னா போச்சு, திரும்பப் போய்ப் பாத்துட்டு வான்னு அனுப்பிடுவாங்க. "ஆரம்பத்துல கடுப்பா இருக்கும் சார், பஸ்ஸு போயிடும். அப்புறம் போகப் போக, சிஸ்டர் கேப்பாங்களேன்னு காலைலருந்தே கண்ணு தானா தேட ஆரம்பிச்சுடுச்சு"ன்னார்.

நான் தேடிக்கிட்டிருந்த பதில் கிட்டத்தட்ட இதுதான். கவனிக்கற கண்ணுங்கறது ஒரு தனித்திறமை, அது பாசத்துலயும் வராது, பொம்மையிலயும் வராது. நீ பாத்ததைச் சொல்லு, எனக்கு அது வேணும்னு தினமும் ஒருத்தர் கேட்டாதான் வரும். கேக்க ஆளில்லன்னா எவ்ளோ நல்லா பழகின கண்ணும் கொஞ்ச நாள்ல மங்கிடும், ஏன்னா பாத்து என்ன ஆகப்போகுது?

இதுக்கு ஆதாரமும் இருக்கு. அமெரிக்காவுல 2000-ல நர்ஸிங் ஹோம்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. பக்கத்துல இருந்து குளிப்பாட்டி ஊட்டிவிடற உதவியாளருங்க ஏதோ சரியில்லன்னு குறிச்சு வச்சது, அந்த நோய் மெடிக்கல் சார்ட்ல ஏறறதுக்கு சராசரியா 5 நாள் முன்னாடியே இருந்துச்சாம். அஞ்சு நாள்ங்கறது வயசானவங்க உடம்புல எவ்ளோ பெரிய இடைவெளின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். அப்புறம் அங்க 'ஸ்டாப் அண்ட் வாட்ச்'னு ஒரு சின்ன அட்டையும் கொண்டுவந்தாங்க. வழக்கத்தை விட வேற மாதிரி இருக்காரா, பேச்சு குறைஞ்சிருக்கா, சாப்பாடு தண்ணி குறைஞ்சிருக்கா, தோல்ல நிறம் மாறியிருக்கா, நடக்க கூடுதல் உதவி கேக்கறாரா, இப்படி பன்னண்டு விஷயம். படிப்பு கம்மியா இருக்கறவங்களும் டிக் போட்டு நர்ஸ் கையில குடுத்துடலாம். எனக்கு அந்த அட்டையில பிடிச்சது கேள்விங்க இல்ல, கீழ இருக்கற ஒரு இடம்: யாருகிட்ட குடுத்தீங்க, எப்ப குடுத்தீங்கன்னு எழுதணும். வாங்கிக்கிட்டவருக்கும் ஒரு பொறுப்பு வந்துடுதில்ல?

மணிக்கணக்கு

ட்ரெய்னிங்னு பேச்செடுத்தா எல்லா நாட்லயும் முதல்ல வர்றது மணிக்கணக்குதான். அமெரிக்காவுல 1987-ல வந்த சட்டப்படி நர்ஸிங் ஹோம் உதவியாளருக்குக் குறைஞ்சபட்சம் 75 மணி நேரப் பயிற்சி, அதுல 16 மணி நேரமாவது மேற்பார்வையில செய்முறை. முழு நேரமா உக்காந்தா ரெண்டு வாரத்துல முடிஞ்சுடும். சில மாநிலங்கள் கூட்டி வச்சிருக்கு, ஆனா தேசிய அளவு இன்னும் அதேதான். வேடிக்கை என்னன்னா அதே 1987-லதான் ஜப்பான் இந்த வேலைக்குன்னே ஒரு தேசியத் தகுதிய சட்டமாக்கினாங்க, கைகோ புகுஷிஷின்னு பேரு. இன்னிக்கு அங்க ஒருத்தர் 130 மணி நேர ஆரம்பப் பயிற்சியோட உள்ள வரலாம், மூணு வருஷம் வேலை பாத்துட்டு, 450 மணி நேரப் பயிற்சிய முடிச்சு, தேசியத் தேர்வு எழுதலாம். அதாவது வேலை பாக்கறதே படிப்போட ஒரு பகுதி, மேல ஏற ஒரு படி கண்ணுக்குத் தெரியுது. ஜெர்மனியில 2020-லருந்து முதியோர் பராமரிப்பு, பொது நர்ஸிங், குழந்தைகள் நர்ஸிங் மூணையும் சேத்து மூணு வருஷப் படிப்பாக்கிட்டாங்க, படிக்கறப்பவே சம்பளம் உண்டு. அதுக்கு அங்க வந்த எதிர்ப்பு ஞாயமானதுதான்: எல்லாரும் ஒரே படிப்பு படிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவாங்க, முதியோர் பக்கம் யாரு நிப்பான்னு.

இங்க ஒரு விஷயத்தை மழுப்பாம சொல்லணும். ஜப்பான்ல இவ்ளோ படி இருந்தும் ஆள் பற்றாக்குறை தீரல, வெளிநாட்லருந்து ஆள் எடுக்கறாங்க. சம்பளம் மத்த வேலைகளோட போட்டி போடற மாதிரி இல்லன்னா எந்தக் கோர்ஸும் ஆள நிறுத்தி வைக்காது. நம்ம தம்பியையே எடுத்துக்கோங்க, அந்த நோட்டு எழுதறவருக்கும், மொபைல் பாத்துக்கிட்டே ஊட்டறவருக்கும் ஏஜென்சி குடுக்கறது ஒரே சம்பளம். திறமைக்கு விலையே இல்லாத இடத்துல திறமைய வளக்கணும்னு மாநாடு போட்டு என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

ட்ரெய்னிங் எப்படி இருக்கணும்னு கேட்டா எனக்கு ரெண்டு பிரெஞ்சுக்காரங்கதான் ஞாபகத்துக்கு வர்றாங்க. ஈவ் ஜினெஸ்ட், ரோசெட் மரெஸ்கோட்டின்னு ரெண்டு பேர், டாக்டரோ நர்ஸோ இல்ல, உடற்பயிற்சி ஆசிரியர்கள். 1979-ல ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு முதுகுவலி வராம வேலை செய்யறது எப்படின்னு சொல்லிக்குடுக்கப் போனவங்க, அங்க நடக்கறதப் பாத்துட்டு வேற ஒண்ணுல இறங்கிட்டாங்க. யூமானிட்யூட்னு அந்த முறைக்குப் பேரு. பாக்கறது, பேசறது, தொடறது, நிக்க வைக்கறது, இந்த நாலையும் டெக்னிக்கா பிரிச்சு சொல்லிக்குடுக்கறாங்க. எதிர்ல போய் கண்ணுக்கு நேரா முகத்தைக் கொண்டு போறது, மணிக்கட்டை மேலருந்து கவ்விப் பிடிக்காம கீழருந்து தாங்கறது, செய்யறதச் செஞ்சுக்கிட்டே வாயால சொல்றது. சித்தப்பா பாசம்னு சொல்றாரே, அது கையில எப்படி இறங்கும்னு இவங்க பிரிச்சுக் காட்டியிருக்காங்க. மணிக்கட்டை மேலருந்து பிடிச்சா டிமென்ஷியா இருக்கறவருக்கு யாரோ இழுத்துட்டுப் போறாங்கன்னு பயம் வரும், உதறுவார், உடனே இவர் முரடுன்னு ஒரு பேரு விழும். எத்தனை வயசானவங்க இப்படி முரடுன்னு பேரெடுத்திருப்பாங்க!

ஆனா இதையும் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்பா நடத்தி போட்டோ எடுத்து அனுப்பிட்டா முடிஞ்சுது கதை. திங்கக்கிழமை வேலைக்குத் திரும்பினா ஒரே ஆளுக்கு பன்னண்டு பேர் குளிக்க காத்திருப்பாங்க, எங்க கண்ணைப் பாக்கறது, எங்க பேசறது. அதனாலதான் ட்ரெய்னிங்ங்கறதை வேலை செய்யறவருக்கு மட்டும் நடத்தறது அரைகுறைன்னு தோணுது. அவருக்கு மேல இருக்கற நர்ஸுக்கு, ஏஜென்சிக்காரருக்கு, வீட்ல இருக்கற நமக்கு, நமக்குத்தான் முக்கியமா, ஒரு பயிற்சி வேணும். ஷிப்ட் மாறறப்ப பத்து நிமிஷம் உக்காந்து கேக்க, நோட்டப் படிக்க, "நீ வேலையப் பாரு, டாக்டருக்கு நாங்க பேசிக்கறோம்"னு சொல்லாம இருக்க. பெரும்பாலான வீட்ல அட்டெண்டர் ஒண்ணு கவனிச்சுச் சொன்னா, வேலையத் தட்டிக்கழிக்க சாக்கு சொல்றார்னு ஒரு சந்தேகம் முதல்ல வரும். அப்படி ரெண்டு தடவை முகத்தைக் காட்டினா மூணாவது தடவை அவர் சொல்லமாட்டார், யாரா இருந்தாலும் அதான் நடக்கும்.

தம்பி இப்ப அந்த வேலையில இல்ல. ஒரு பெரிய கம்பெனி குடோன்ல சேந்துட்டார், சம்பளம் கூட, ஞாயித்துக்கெழம லீவு. அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பாத்தார், கூடுதலா தர்றேன்னும் சொன்னார். "உங்களுக்காக இருக்கலாம்ணே, ஆனா அய்யாவுக்கு அப்புறம் அடுத்த வீட்ல மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்ல"ன்னார். அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியல.

புது ஆள் தேடற வேலை என் தலையில விழுந்துச்சு. ஏஜென்சிக்காரங்க போன் எடுத்ததும் சர்டிபிகேட் இருக்கு சார், போலீஸ் வெரிபிகேஷன் இருக்கு சார், ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சார்னு ஒப்பிப்பாங்க. நான் இப்ப கேக்கறது வேற. உங்க ஆளுங்களுக்கு மேல நர்ஸ் யாராவது இருக்காங்களா, வாரத்துல ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து பாப்பாங்களா? பழைய ஆள் புது ஆளுக்கு நேர்ல வந்து ஒப்படைச்சுட்டுப் போவாரா? ராத்திரி பதினோரு மணிக்கு உங்க ஆளு ஏதோ சரியில்லன்னு கவனிச்சார்னா, உங்க பக்கத்துல யாருக்கு போன் பண்ணுவார்?

நேத்து பேசின ஏஜென்சியில கடைசிக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "எங்களுக்கு எதுக்கு சார் பண்ணணும்? பேஷண்ட் உங்க வீட்டு ஆளு, உங்களத்தான எழுப்புவார்"னாங்க. அவர் எழுப்பினா எங்களுக்கு என்ன சார் தெரியும்னு கேட்டேன், மேனேஜர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு வச்சுட்டாங்க. அடுத்த ஏஜென்சி நம்பர் இருக்கு, நாளைக்கு அவங்களுக்குப் போடணும்.